மயில்கண் லேஸ்: ஒரு குரோஷா ஊசி, ஒரு துண்டு ஒயரிங் பைப், அப்புறம் அஞ்சு வரை எண்ணும் பொறுமை

கொக்கி ஊசியால் போடும் இந்தக் குரோஷாப் பின்னலுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் ப்ரூம்ஸ்டிக் லேஸ், அதாவது துடைப்பக் கம்பு லேஸ். அவர்கள் ஊர்த் துடைப்பத்துக்கு வழவழவென்று நீளமாக ஒரு கம்பு உண்டு. அதில் நூலைக் கண்ணி கண்ணியாக மாட்டிப் பின்னியதால் வந்த பெயர். நம் வீட்டு ஈர்க்குமாற்றில் கம்புக்கு எங்கே போவது? நல்லவேளையாக இதற்கு மயில் கண் என்ற பொருளில் இன்னொரு பெயரும் அவர்களிடமே இருக்கிறது. பின்னியதை இரண்டடி தள்ளிப் பிடித்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும்: ஐந்தைந்து இழை ஒன்றாகச் சாய்ந்து சுழித்து, நடுவில் ஓட்டை விட்டு, அடுத்த ஐந்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கும். நான் மயில்கண் என்றே சொல்கிறேன்.

குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் வீட்டை விட்டு இறங்க மனசு வராது. அந்த மாதங்களில் சனிக்கிழமை மதியம் என் வீட்டு வராந்தாவில் நாலைந்து பேர் ஊசியும் நூலுமாக வந்து உட்காருவார்கள். குரோஷாவே தெரியாதவர்கள்கூட இரண்டாவது வாரத்தில் இந்த லேஸைப் போட்டுவிடுகிறார்கள். பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய வித்தை என்று நினைப்பார்கள், உண்மையில் இதற்குத் தெரிய வேண்டியது செயின், சிங்கிள் என்ற இரண்டு அடிப்படைப் பின்னல்கள் மட்டும்தான். கண்கள் எல்லாம் ஒரே அளவில் வருவதைக் குச்சி பார்த்துக்கொள்ளும், கைக்கு அதில் வேலையில்லை. நம் பங்கு எண்ணுவது, அதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

குச்சி தேடிய கதை

இதற்கென்றே 25 மி.மீ. தடிமனில் ஸ்வெட்டர் ஊசிகள் விற்கிறார்கள். மலை மேல் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. முதலில் தைல மரக் குச்சி ஒன்றை ஒடித்து, பட்டை உரித்து, காய வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நீலகிரியில் தைல மரக் குச்சிக்கா பஞ்சம்! ஆனால் காய்ந்ததும் வளைந்துவிட்டது, போதாததற்குக் கணு இருந்த இடத்தில் நூல் மாட்டிப் பிசிறியது. அடுத்தது பூரிக்கட்டை. அதை நீங்கள் முயற்சிக்கவே வேண்டாம்: நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருப்பதால் கண்களும் நடுவில் பெரிசாக, ஓரத்தில் சின்னதாக வரும்.

கடைசியில் கைகொடுத்தது எலக்ட்ரிக் கடை. சுவருக்குள் ஒயர் விடும் பிளாஸ்டிக் பைப் இருக்கிறதே, அதுதான். 20 மி.மீ., 25 மி.மீ. என்று வரும், கடையில் முக்கால் இஞ்ச், ஒரு இஞ்ச் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். நேராக இருக்கும், வழவழப்பாக இருக்கும், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே தடிமன். மார்க்கெட் பக்கம் கடையில் போய் ஒரு அடி பைப் வேண்டும் என்றேன்.

“ஒரு அடியா? எதுக்குக்கா?”

“மப்ளர் பின்ன.”

பையன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி என்னைப் பார்த்தார், வெட்டி மிஞ்சின துண்டு ஒன்றைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார்.

பைப்பை 30 செ.மீ. நீளத்துக்கு ஆக்ஸா பிளேடால் அறுத்து, அறுத்த விளிம்பை உள்ளேயும் வெளியேயும் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் நூலும் மாட்டும். ஒரு முனையில் ரப்பர் பேண்டை நாலைந்து சுற்றுச் சுற்றிவிட்டால் கண்ணிகள் அந்தப் பக்கமாக நழுவாது. பழகுவதற்கு 20 மி.மீ. போதும். மப்ளர், ஷால் என்றால் 25.

நூலுக்கு வருவோம். பழகும்போது நாலு இழை அக்ரிலிக் உல்லன், வெளிர் நிறத்தில், ஒரே நிறமாக வாங்குங்கள். நிறம் மாறி மாறி வரும் உருண்டை கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் அந்தக் கலவையில் மயில்கண் காணாமல் போய்விடும். கறுப்பு வேண்டவே வேண்டாம். மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, கரண்டும் போய்விட்டால், கறுப்பு நூலில் எது கண்ணி எது ஓட்டை என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காட்டன் நூலில் இந்த லேஸ் இன்னும் எடுப்பாக இருக்கும், ஆனால் காட்டனுக்கு நெகிழ்வு கிடையாது, கை பழகாதவர்களைப் படுத்தும். ஊசி 4 மி.மீ. குச்சியின் தடிமனுக்கும் ஊசியின் நம்பருக்கும் சம்பந்தமில்லை. ஊசி நூலுக்கு ஏற்றது, குச்சி கண்ணின் அளவுக்கு ஏற்றது.

சிங்கிளா, டபுளா?

பின்னலுக்குள் போகும் முன் இதைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் நானே இதில் ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன். அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களிலோ சிங்கிள் என்றால் வெறும் ஸ்லிப் ஸ்டிட்ச், அதாவது மாட்டிய நூலை எல்லாவற்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுத்துவிடும், உயரமே இல்லாத பின்னல். நான் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி ஒருவரிடம் பிரிட்டிஷ் வழக்கப்படி கற்றவள். யூடியூப்பில் ஓர் அமெரிக்கப் பெண்மணி சிங்கிள் சிங்கிள் என்று சொல்லச் சொல்ல, நான் ஸ்லிப் ஸ்டிட்சாகப் போட்டுக்கொண்டே போனேன். வந்தது லேஸ் இல்லை, கயிறு.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சிங்கிள் என்று சொல்வது இதைத்தான்: ஊசியை உள்ளே விட்டு, நூலை மாட்டி வெளியே இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும், மறுபடி நூலை மாட்டி அந்த இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும். இதை உங்கள் அம்மா டபுள் என்று சொல்லியிருந்தால் அதுவும் சரி, செய்கை ஒன்றுதான்.

அடி வரிசை

மாதிரித் துண்டுக்கு 20 சிங்கிள் வைத்துக்கொள்வோம். ஐந்தின் பெருக்கமாக இருந்தால் எந்த எண்ணும் சரி. 21 செயின் போடுங்கள் (ஊசியில் இருக்கும் கண்ணி வழியாக நூலை ஒருமுறை இழுத்தால் ஒரு செயின்), ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கிக் கடைசி வரை செயினுக்கு ஒரு சிங்கிள். எண்ணிப் பாருங்கள், 20 இருக்க வேண்டும். 19 இருந்தால் அப்படியே விட்டுவிட்டு மேலே போகாதீர்கள், அடுத்த வரிசையில் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இந்த லேஸில் பலிக்காது.

கை இறுக்கமானவர்கள் செயினை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போட்டுவிட்டு, சிங்கிளுக்கு 4-க்கு மாறிக்கொள்ளுங்கள். அடிச் செயின் இறுகினால் மப்ளரின் ஒரு முனை சுருக்குப்பை வாய் மாதிரி ஆகிவிடும்.

இப்போது வலது கைக்காரர்களுக்கு ஊசி துண்டின் இடது ஓரத்தில் நிற்கும். இடது கைக்காரர்கள் இனி நான் சொல்லும் வலம், இடம் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிக்கொள்ளுங்கள்.

துண்டைத் திருப்பாதீர்கள். குரோஷா பழகியவர்களின் கை வரிசை முடிந்ததும் தானாகத் திருப்பும், அந்தப் பழக்கத்தை இங்கே கட்டிப் போட வேண்டும். இந்த லேஸில் நல்ல பக்கம் கடைசி வரை உங்கள் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும். இடமிருந்து வலமாகக் கண்ணி ஏற்றிக்கொண்டு போவோம், வலமிருந்து இடமாக அதைக் கட்டிக்கொண்டு திரும்புவோம். போய் வந்தால் ஒரு வரிசை மயில்கண்.

கண்ணி ஏற்றுவது

பைப்பை இடது கையில், துண்டின் மேல் விளிம்பை ஒட்டிப் படுக்கையாகப் பிடியுங்கள். ரப்பர் பேண்ட் சுற்றிய முனை இடப்பக்கம், திறந்த முனை வலப்பக்கம். கை சீக்கிரம் கடுக்கிறது என்றால் ரப்பர் பேண்ட் முனையை இடது அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். எதிர் வீட்டு அக்கா முழங்கால்களுக்கு இடையில் செருகிக்கொண்டு பின்னுவார், அவர் வேகம் எனக்கு வராது.

ஊசியில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கிறதல்லவா, அதைத் தளர்த்தி நீளமாக இழுத்து, முறுக்காமல் பைப்பில் மாட்டிவிட்டு ஊசியை உருவுங்கள். இதுதான் முதல் கண்ணி, இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இது கடைசியாகப் போட்ட சிங்கிளின் மேலேயே நிற்பதால் அந்தச் சிங்கிளில் மறுபடி ஊசி விடக் கூடாது. அதற்கு வலப்பக்கம் இருக்கும் அடுத்த சிங்கிளில் விட்டு, நூலை மாட்டி, மேலே இழுத்து, பைப்பில் போடுங்கள். இது இரண்டு. அப்படியே வலப்பக்கமாக, ஒரு சிங்கிளுக்கு ஒரு கண்ணி. வலது ஓரத்துக் கடைசிச் சிங்கிளில் எடுத்ததும் பைப்பில் 20 கண்ணி இருக்க வேண்டும்.

எவ்வளவு இழுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். கண்ணி பைப்பைச் சுற்றி அணைத்தபடி நிற்க வேண்டும், ஆனால் விரலால் தள்ளினால் நகர வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் பைப் இருந்து என்ன பயன்? இறுகப் பிடித்தால் கழற்றும்போது திண்டாட்டம். இன்னொன்று, ஒரு கண்ணியை அளவுக்கு மேல் இழுத்தால் பக்கத்துக் கண்ணி சுருங்கிக் காட்டிக்கொடுக்கும், எல்லாமே ஒரே நூல்தானே.

கண்ணிகளை ஏற்றும்போது எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். இடையில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றால் பின்னி முடித்த பிறகு அந்த ஒரு கண் மட்டும் மாறுகண்ணாகத் தெரியும், யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சிங்கிளின் தலையில் இரண்டு இழை V போல இருக்கும். இரண்டின் கீழும் ஊசி விட்டால் பின்னல் உறுதியாக இருக்கும். பின்னிழையில் மட்டும் விட்டால் முன்பக்கம் ஒரு கோடு மாதிரி வரப்பு விழும். எனக்கு அந்த வரப்பு பிடிக்கும். பழகும்போது இரண்டின் கீழும் விடுங்கள்.

ஐந்தைந்தாகக் கட்டுவது

கண் உருவாகும் இடம் இதுதான், நிதானமாக வாருங்கள்.

நீங்கள் இப்போது வலது ஓரத்தில் இருக்கிறீர்கள். பைப்பின் திறந்த முனையில் இருக்கும் ஐந்து கண்ணிகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஊசியை வலமிருந்து இடமாக அந்த ஐந்துக்குள்ளும் ஒருசேர விட்டு, ஐந்தையும் பைப்பிலிருந்து நழுவவிடுங்கள். ஊசியில் இப்போது ஐந்து கண்ணிகள் கொத்தாகத் தொங்கும். நூலை மாட்டி ஐந்தின் வழியாகவும் இழுத்து, ஒரு செயின் போடுங்கள். இந்தச் செயின் வெறும் பூட்டு, எண்ணிக்கையில் சேராது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நூல் வருவது கடைசியாக ஏற்றிய கண்ணியிலிருந்து. பூட்டுப் போடும் வேகத்தில் நூலைச் சுண்டி இழுத்தால் அந்த ஓரக் கண்ணி பாதியாகச் சுருங்கிவிடும், வரிசைக்கு வரிசை இப்படியே நடந்தால் மப்ளரின் வலது ஓரம் உள்வாங்கி, இடது ஓரம் தளர்ந்து, முழுத் துண்டும் வாழைக்காய் மாதிரி வளைந்து நிற்கும். என் முதல் மப்ளர் அப்படித்தான், இப்போது பூனை படுக்கிறது. அதனால் கொத்தை இடது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துக்கொண்டு, ஓரக் கண்ணி மற்ற நான்கின் உயரத்துக்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

சரி, பூட்டியாயிற்று. இப்போது அதே கொத்தின் நடு ஓட்டைக்குள் ஐந்து சிங்கிள். ஐந்து கண்ணிக்கு ஐந்து சிங்கிள் என்பதால்தான் அகலம் கூடாமல் குறையாமல் நிற்கிறது. முதல் இரண்டு சிங்கிள் போடும்போது ஓட்டையே அடைந்துவிடும் போல இருக்கும், மூன்றாவது போடும்போது கொத்து விசிறி போல விரியத் தொடங்கும். ஐந்தாவதும் போட்டபின் கீழே ஐந்து கால்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேலே ஒரே புள்ளியில் சேர்ந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். போன கார்த்திகையில் பக்கத்து லைன் வீட்டுப் பெண் இந்த இடத்தில் “ஐ!” என்றாள், பிளஸ் ஒன் படிக்கிறாள், அதுவரை அவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த ஐந்துக்குப் பூட்டுச் செயின் தேவையில்லை. ஊசியை வலமிருந்து இடமாக அந்த ஐந்துக்குள்ளும் விட்டு, கழற்றி, நேராக ஐந்து சிங்கிள். அதற்கடுத்த ஐந்தும் அப்படியே. ஊசி நுழையும் திசையை மட்டும் மாற்றாதீர்கள், சுழிப்பு வருவதே அதனால்தான். இடது ஓரம் வந்ததும் நாலு கண்ணும் 20 சிங்கிளும் இருக்கும். திருப்பாமல், ஊசியில் இருக்கும் கண்ணியை நீளமாக இழுத்துப் பைப்பில் மாட்டினால் அடுத்த வரிசை தொடங்கிவிட்டது.

நாலு வரிசை போட்டுவிட்டு நிறுத்துங்கள். அதற்குள் கை என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கே தப்பு நடக்கிறது

வராந்தாவில் நான் பார்க்கும் தப்புகளில் பாதிக்கு மேல் ஒரே தப்புதான்: ஓரத்துக் கண்ணி. இடது ஓரத்தில், முதலில் மாட்டிய கண்ணியை எண்ணாமல் அந்தச் சிங்கிளிலேயே இன்னொன்று எடுப்பார்கள், 21 ஆகிவிடும். அல்லது வலது ஓரத்தில் கடைசிச் சிங்கிள் பூட்டுச் செயினோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும், அதை விட்டுவிடுவார்கள், 19. கட்டும்போது கடைசிக் கொத்தில் நாலுதான் இருக்கும், “பரவாயில்லக்கா, நாலுலயே அஞ்சு போட்டுடறேன்” என்பார்கள். அப்படிச் செய்தால் அந்த வரிசை தப்பித்துக்கொள்ளும். ஆனால் விட்டது எந்த இடம் என்று கை கற்றுக்கொள்ளாது, அடுத்த வரிசையிலும் விடும். பிரியுங்கள் என்றுதான் சொல்வேன். என்னைத் திட்டிக்கொண்டே பிரிப்பார்கள்.

தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையை நீலகிரியில் பார்க்காதவர்கள் குறைவு. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போட்டுக் கொண்டுபோவார்கள். அதோடு ஒப்பிட்டால் நாம் எண்ண வேண்டியது வெறும் ஐந்து. வரிசை முடிந்ததும் வாய்விட்டே எண்ணுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பைப்பிலிருந்து கண்ணிகள் நழுவிவிட்டால் அலற வேண்டாம். ஸ்வெட்டர் பின்னலில் ஒரு கண்ணி விட்டால் அடி வரை இறங்குமே, அது மாதிரி இது இறங்காது. கண்ணிகள் அப்படியே நின்றுகொண்டிருக்கும், உயரம் மட்டும் ஏறுக்குமாறாகியிருக்கும். ஒவ்வொன்றாகப் பைப்பில் திரும்ப மாட்டி, நூலை இடமிருந்து வலமாகத் தள்ளித் தள்ளிச் சரிசெய்தால் போதும். பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது எனக்கு மொத்தமும் நழுவி, பைப் உருண்டு டிரைவர் சீட் வரை போயிருக்கிறது. மலை ரயிலில் பின்னலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், நாலைந்து வரிசையாவது முடிந்துவிடும், ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் அதுவும் முடியாது.

நூல் தீர்ந்து புது உருண்டை சேர்ப்பதென்றால் கட்டிக்கொண்டு திரும்பும்போது, சிங்கிள் போடுகிற இடத்தில் சேருங்கள். சிங்கிளுக்குள் நூல் முனையை ஒளித்துவிடலாம். நீளக் கண்ணியில் முடிச்சு வந்தால் ஒளிக்க இடமே இல்லை, கண்ணுக்குள் விழுந்த தூசி மாதிரி நிற்கும். கம்பெனிக்காரர்கள் உருண்டைக்குள்ளேயே முடிச்சுப் போட்டு வைத்திருப்பதும் உண்டு. ஏற்றும்போது அது கண்ணியில் வருகிறது என்று தெரிந்தால் தயங்காமல் அந்த வரிசையை உருவிவிட்டு, முடிச்சுக்கு முன்னால் வெட்டிச் சேருங்கள்.

எவ்வளவு நூல் வேண்டும்

பைப் வைத்துப் பின்னுவதில் ஒரு லாபம், கணக்குப் போட்டுவிடலாம். ஒரு கண்ணிக்குச் செலவாகும் நூல் பைப்பின் சுற்றளவுதான். 20 மி.மீ. பைப்பில் ஒரு கண்ணிக்கு ஏறக்குறைய 6.3 செ.மீ., 25 மி.மீ. பைப்பில் 7.9 செ.மீ. பார்க்க ஐந்து மி.மீ. வித்தியாசம்தான், ஆனால் நூல் கால் பங்கு கூடுதலாகக் குடிக்கும்.

மப்ளருக்கு 30 சிங்கிள் அகலம் வைப்போம், வரிசைக்கு ஆறு கண். 25 மி.மீ. பைப்பில் 30 கண்ணிக்கு 2.4 மீட்டர் போல ஆகும். சிங்கிளுக்கு ஆளாளுக்கு மாறும், அதனால் மாதிரித் துண்டில் 20 சிங்கிள் போட்ட ஒரு வரிசையை உருவி அளந்துகொள்ளுங்கள். என் கைக்கு 30 சிங்கிளுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூட ஆகிறது, மொத்தம் வரிசைக்கு மூன்றரை மீட்டர். மப்ளருக்கு எடுத்த பைப்பிலேயே மாதிரியும் போட்டு, நாலு வரிசையின் உயரத்தை அளந்து பாருங்கள். அது 15 செ.மீ. வந்தால் ஒன்றரை மீட்டர் மப்ளருக்கு 40 வரிசை. நாற்பதை மூன்றரையால் பெருக்கினால் 140 மீட்டர், ஓரத்துக்கும் தப்புக்கும் சேர்த்து 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையின் லேபிளில் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும், எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போய் அதே நிறம் கேட்டால் கடைக்காரர் அதே நம்பர்தான் என்று சத்தியம் செய்வார், வெயிலில் பார்த்தால் சாயம் ஒரு சாயல் தள்ளியிருக்கும்.

கொஞ்சம் மாற்றிப் பார்க்க

ஐந்துக்குப் பதில் நாலு நாலாகக் கட்டினால் கண் ஒல்லியாகும், ஆறு ஆறாகக் கட்டினால் சுழிப்பு கூடும். எத்தனை கண்ணியோ அத்தனை சிங்கிள் என்ற விதியை மட்டும் விடாதீர்கள். ஷாலுக்கு அகலம் கூட்ட வேண்டுமானால் அந்த விதியை வேண்டுமென்றே மீறலாம்: ஐந்து கண்ணிக் கொத்தில் ஆறு சிங்கிள் போட்டுக்கொண்டே போனால், 20 இருந்த இடத்தில் 24 ஆகும், அடுத்த வரிசையில் ஆறு ஆறாகக் கட்டிக்கொள்ளலாம்.

கண் வரிசைகளுக்கு இடையில் வெறும் சிங்கிள் வரிசை விட்டால் துணி கொஞ்சம் கனக்கும், குளிருக்கும் நல்லது. ஆனால் அதை இரண்டிரண்டு வரிசையாகத்தான் விட வேண்டும். கட்டி முடித்து இடது ஓரத்தில் நிற்கிறீர்கள். ஒரு செயின் போட்டுத் திருப்பி ஒரு வரிசை, மறுபடி ஒரு செயின் போட்டுத் திருப்பி இன்னொரு வரிசை, அப்போதுதான் நல்ல பக்கம் முகத்தைப் பார்க்க மறுபடி இடது ஓரத்துக்கு வருவீர்கள். ஒற்றை வரிசையோடு நிறுத்தினால் அடுத்த கண் வரிசை துண்டின் முதுகில் விழும்.

பாவாடை ஓரம், கைக்குட்டை ஓரம் என்றால் மெல்லிய காட்டன் நூலும் பைப்புக்குப் பதில் ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 7 மி.மீ. தடிமனில் குட்டிக் குட்டிக் கண்களாக வரும். பொறுமை நிறைய வேண்டும், எனக்கு ஒரு கைக்குட்டைக்கு மேல் ஓடவில்லை.

இந்த ஓட்டை மப்ளர் ஊட்டிக் குளிருக்குத் தாங்குமா என்று கேட்பார்கள். ஸ்வெட்டருக்கு மேல், சட்டைக் காலருக்குள் இரண்டு சுற்றாகப் போட்டுக்கொண்டால் ஓட்டைகளில் நிற்கும் காற்று கதகதப்பைப் பிடித்து வைக்கும். தொட்டபெட்டாவில் காற்று வீசுகிற நாளில் இதை மட்டும் சுற்றிக்கொண்டு நின்றால் தாங்காது, அதற்கு நெருக்கமாகப் பின்னியது வேண்டும்.

முடிப்பது

கடைசிக் கண் வரிசையைக் கட்டியதும் ஒரு செயின் போட்டுத் திருப்பி, ஒரு வரிசை சிங்கிள் போடுங்கள். இங்கே திருப்பலாம், இதற்கு மேல் கண் இல்லை. நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, ஊசியிலிருக்கும் கண்ணி வழியாக இழுத்து இறுக்குங்கள். தொங்கும் முனைகளை மழுங்கிய தையல் ஊசியில் கோர்த்து, பின்பக்கம் சிங்கிள்களுக்குள் ஒரு விரல் நீளத்துக்கு ஓட்டி, திரும்ப எதிர்த்திசையில் கொஞ்சம் ஓட்டி வெட்டிவிடுங்கள்.

பின்னி முடித்ததும் துண்டு கசங்கிச் சுருண்டு சப்பென்று இருக்கும், மனசு உடைய வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, முறுக்காமல் ஒரு டவலில் சுருட்டி அழுத்திப் பிழிந்து, தடித்த போர்வை மேல் விரித்து, ஓரங்களை நேராக இழுத்துக் குண்டூசி குத்தி வையுங்கள். அப்போதுதான் கண்கள் திறக்கும். அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள், இழை உருகிச் சப்பையாகி, பிறகு எதைச் செய்தாலும் எழும்பாது. காட்டனுக்கு ஈரத் துணி போட்டு மேலே தேய்க்கலாம்.

மழை மாதத்தில் இங்கே இது காய இரண்டு நாளாவது ஆகும். அவசரப்பட்டு விறகடுப்புக்குப் பக்கத்தில் கொடி கட்டிப் போட்டேன் ஒரு தடவை, தீபாவளிக்குக் கோயம்புத்தூர் போன சித்தி மகள் போன் பண்ணி, “மப்ளர் நல்லாருக்குக்கா, ஆனா ஏன் கருவாடு சுட்ட வாசம் வருது?” என்று கேட்டாள். இப்போதெல்லாம் கட்டிலின் மேல் விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டு, அன்று ராத்திரி நான் பாயில் படுத்துக்கொள்கிறேன்.